மண்வெட்டிக்கு முன்னே காகிதம்!

பட்டணத்துப் பக்கம் இப்போது 'சமூகத் தோட்டம்' என்ற பேச்சு பலமாக அடிபடுகிறது. அடுக்குமாடிக்குக் கீழே, சாலையோரக் காலி நிலத்திலே நாலு குடும்பம் சேர்ந்து காய்கறி போட்டால் வறுமை தீரும் என்கிறார்கள். கோலாலம்பூர் பங்சாரில் மின்கம்பிகளுக்குக் கீழே கிடந்த மேட்டு நிலத்தில் 2017இல் அப்படி ஒரு தோட்டம் போட்டார்கள். அந்தப் பங்சாரே ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த இடம்தான்!

நல்ல காரியம். நாம் வரவேற்கிறோம். ஆனால் மண்ணைக் கொத்த நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காலையில் மரம் வெட்டி, பாலை நிறுத்துவிட்டு, மத்தியானம் லயத்துக்குப் பின்னாலே கீரையும் வெண்டையும் முருங்கையும் வளர்த்தவர்கள் நாம். மாடு வளர்த்துப் பால் விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் எத்தனை! 1974இல் துன் ரசாக் அரசாங்கம் பச்சைப் புத்தகத் திட்டத்தைக் கொண்டு வந்து, சும்மா கிடக்கிற நிலத்தில் பயிர் போடச் சொன்னபோது, நம் கொல்லைகளில் ஏற்கெனவே பயிர் நின்றது.

பிறகு என்ன ஆச்சு? தோட்டங்கள் கைமாறின, வீடமைப்பு வந்தது. லயத்தோடு கொல்லையும் போயிற்று. வேலை போனதற்கு நட்டஈடு கேட்க முடிந்தது. கொல்லைக்குக் கேட்க நம் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. 'போட்டுக்கோ' என்று நிர்வாகம் வாயால் கொடுத்ததை, 'காலி பண்ணு' என்று வாயாலேயே வாங்கிக்கொண்டது.

அதனால்தான் சொல்கிறோம்: மண்வெட்டியைத் தூக்குமுன் காகிதத்தை வாங்குங்கள். அரசாங்க நிலமென்றால் நில அலுவலகத்தில் தற்காலிக உரிமம் கேட்கலாம். டி.ஓ.எல். என்பது அதுதான். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி அது அந்தந்த ஆண்டு டிசம்பர் 31உடன் முடிந்துவிடும். புதுப்பிக்க மறந்தால் பாடுபட்டது வீண். சொந்த அடுக்குமாடி வீடு என்றால், கீழேயுள்ள பொது இடம் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி நிர்வாக அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. கூட்டத்துக்குப் போய்த் தீர்மானம் போட்டு, அதை எழுத்தில் வாங்குங்கள். இன்னும் தோட்டத்தில் இருப்பவர்கள் நிர்வாகியிடம் கடிதம் கேளுங்கள். தனியாளாகக் கேட்க வேண்டாம், தோட்டக் கமிட்டியாகக் கேளுங்கள்.

அடுத்தது வரவு செலவு. கங்கோங், கீரையெல்லாம் ஒரு மாதத்தில் அறுப்புக்கு வரும். வீட்டுக்கு எடுத்தால் பாசார்ச் செலவு குறையும்; அவ்வளவுதான். ஆளுக்கொரு பாத்தியில் யாரும் பணக்காரர் ஆனதில்லை. பத்துக் குடும்பம் சேர்ந்து, எந்த வாரம் யார் விதைப்பது என்று முறை வைத்து, மிஞ்சியதை ஒரே கையாகச் சாப்பாட்டுக் கடைக்குப் போட்டு, காசைப் பொதுக் கணக்கில் வைத்தால்தான் அது வருமானம். கணக்குப் புத்தகத்தைப் பெண்கள் கையில் கொடுங்கள். நம் வீடுகளில் சிக்கனம் தெரிந்தவர்கள் அவர்கள்தான். 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்களே! அந்தச் சனங்களின் பிள்ளைகளுக்கு ஒரு கீரைக் கணக்கு பெரிசா?

இன்னொன்று: தண்ணீர்த் தொட்டியை மூடி வையுங்கள். கொசுப் புழு இருந்தால் 1975ஆம் ஆண்டுச் சட்டம் பாயும். அபராதம் ஒரு பக்கம், டிங்கி காய்ச்சல் ஒரு பக்கம்.

கடைசியாக ஒரு வார்த்தை, முதலாளிமார் காதிலும் விழட்டும். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதை வைத்துப் பட்டணத்தில் குடும்பம் நடத்துகிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். 'கீரை போட்டுக்கொள், சம்பளம் கேட்காதே' என்று எவராவது சொன்னால் நாம் ஒப்பமாட்டோம். கொல்லை வருமானம் சம்பளத்துக்கு மேலே வர வேண்டியது. சம்பளத்துக்குப் பதிலாக அல்ல.

இந்த மாதக் கமிட்டிக் கூட்டத்திலேயே பேச்சை எடுங்கள், தோழர்களே. எந்த இடம், யார் கையில் இருக்கிறது, யாருக்கு எழுதுவது என்று முடிவு செய்யுங்கள். விதை பிறகு வாங்கிக்கொள்ளலாம்.