31 பேரை விழுங்கிய சுரங்க ரெயில் தீ: மர்மத்தை உடைத்த கம்ப்யூட்டர்!

லண்டன் மாநகரின் கிங்ஸ் கிராஸ் சுரங்க ரெயில் நிலையம். 1987-ம் ஆண்டு நவம்பர் 18-ந்தேதி, புதன்கிழமை. மாலை 7½ மணி. ஆபீஸ் முடிந்து வீடு திரும்புகிறவர்கள் கூட்டம் அலைமோதியது.

அப்போது நகரும் மரப் படிக்கட்டு ஒன்றின் அடியில் தீ தெரிந்தது. பெரிய தீ அல்ல. ஒரு அட்டைப்பெட்டி எரிகிற அளவுதான். தீயணைப்பு வீரர்களும் வந்து விட்டார்கள். ஆனால் 7.45 மணிக்கு தீ குபீரென்று மேலே பாய்ந்து, டிக்கெட் கொடுக்கும் ஹாலையே விழுங்கி விட்டது. 31 பேர் பரிதாபமாக இறந்தார்கள். அதில் ஒருவர் தீயணைப்பு அதிகாரி.

யார் குற்றவாளி?

தீ பிடித்த காரணம் தெரிந்து விட்டது. சுரங்க நிலையங்களில் புகை பிடிக்க 1985-லேயே தடை. ஆனாலும் வெளியே போகிற அவசரத்தில் படிக்கட்டிலேயே சிகரெட் பற்ற வைப்பது பலருக்கு வழக்கம். யாரோ போட்ட தீக்குச்சி, படிக்கும் பக்கப் பலகைக்கும் நடுவே இருந்த சந்தில் விழுந்தது. கீழே பல வருஷத்து கிரீஸ், தூசு, காகிதக் குப்பை. கேட்க வேண்டுமா?

இதற்கு முன்பும் இந்தப் படிக்கட்டுகளில் தீப்பிடித்தது உண்டு. ரெயில் நிர்வாகம் அதை "தீ" என்றே சொல்லாது. "புகைச்சல்" என்று எழுதி விடும்!

விடை தெரியாத கேள்வி வேறு. அட்டைப்பெட்டி அளவு தீ எப்படி திடீரென்று இப்படி ஆனது? கூரையில் அடுக்கடுக்காகப் பூசிய பழைய பெயிண்ட் மீது பலருக்குச் சந்தேகம். பெயிண்டா, படிக்கட்டா? இது தெரியாவிட்டால் தப்பான பொருளை மாற்றி விட்டு, எமனை அப்படியே விட்டு வைக்க நேரிடும்.

நம்ப மறுத்தார்கள்

வக்கீல் டெஸ்மண்ட் பென்னல் தலைமையில் விசாரணை நடந்தது. ஹார்வெல் அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்தின் கம்ப்யூட்டர் உதவிக்கு வந்தது. படிக்கட்டுப் பாதையைச் சின்னச் சின்ன கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் சூடு எவ்வளவு, காற்று எந்தப் பக்கம் போகும் என்று கணக்குப் போட வைத்தார்கள்.

நெருப்பு மேல்நோக்கி எழும்பும் என்பது அடுப்பு மூட்டுகிற எவருக்கும் தெரியும். கம்ப்யூட்டரோ வேறு கதை சொன்னது. சூடான காற்று கூரைக்கு எழும்பவில்லை. படிகளோடு ஒட்டிப் படுத்து, இரண்டு பக்கத் தடுப்புக்கும் நடுவே வாய்க்கால் தண்ணீர் மாதிரி மேல்முனையை நோக்கி ஓடியது! கணக்குதான் எங்கோ பிசகி விட்டது என்று நிபுணர்களே நினைத்தார்கள்.

சந்தேகம் தீர ஒரே வழி, எரித்துப் பார்ப்பது. பக்ஸ்டன் என்ற ஊரில், மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மரப் படிக்கட்டு செய்து தீ வைத்தார்கள். ஏழெட்டு நிமிஷம் சாதாரணமாக எரிந்தது. பிறகு தீ நாக்குகள் திடீரென்று படுத்தன. மேல் படிகள் சூடேறின. கொழுந்து மேல்முனையில் பீறிட்டது. கம்ப்யூட்டர் சொன்னது அப்படியே நடந்தது! கிங்ஸ் கிராசில் தீயைப் பாய வைத்தது படிக்கட்டின் சரிவும் அமைப்பும்தான் என்பது நிரூபணமாயிற்று.

சாட்சி சொல்லுமா?

அதற்காக கம்ப்யூட்டரை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. போலீஸ் மோப்ப நாய் மாதிரி அது வழி காட்டும், அவ்வளவுதான். எது எரிந்தது, எந்தக் கதவு திறந்திருந்தது என்பதை ஆள்தான் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் தப்பான படத்தையே கலர் கலராகக் காட்டும். குற்றவாளி இவன்தான் என்று முன்பே முடிவு கட்டியவர் கையில் சிக்கினால், நிரபராதி கம்பி எண்ண வேண்டியதுதான்.

அமெரிக்கர்கள் இதில் உஷார். ரோட் ஐலண்டு மாநில இரவு விடுதி ஒன்றில் 2003 பிப்ரவரியில் மேடை வாணவேடிக்கைப் பொறி, சுவரில் ஒட்டியிருந்த நுரைப் பஞ்சில் பட்டு 100 பேர் பலியானார்கள். அரசு ஆராய்ச்சியாளர்கள் கம்ப்யூட்டர் கணக்கோடு நிற்கவில்லை. மேடைப் பகுதி போலவே அறை கட்டி நிஜமாகவே கொளுத்திப் பார்த்தார்கள். தானாகத் தண்ணீர் தெளிக்கும் கருவி இருந்திருந்தால் உயிர் தப்ப வழி இருந்தது என்று தெரிந்தது.

லண்டனில் பென்னல் அறிக்கை 1988-ல் வெளியானது. 157 சிபாரிசுகள். சுரங்க நிலையங்களின் மரப் படிக்கட்டுகளுக்கு வேட்டு விழுந்தது. தரைக்கு மேலே இருந்த ஒரு காரணத்தால் தப்பித்த கிரீன்போர்டு நிலையத்துப் படிக்கட்டுதான் கடைசி. அதைக் கழற்றியது 2014 மார்ச்சில்!