முதலில் விமானத்தை ஓட்டு!

போன வாரம் பேத்தியை டப்பில் உட்காரவைத்துக் குளிப்பாட்டிக் கொண்டிருந்தேன். கூடத்தில் போன் மணி அடித்தது. "இதோ வந்துட்டேண்டி கண்ணு" என்று எழுந்து நாலடி வைத்திருப்பேன். பின்னால் 'தொப்'பென்று சத்தம். ஓடி வந்து பார்த்தால் குழந்தை சாய்ந்து கிடக்கிறாள், முகம் தண்ணீரில்! வாரி எடுத்தேன். இருமினாள், வீரிட்டு அழுதாள். அந்த அழுகையைப் போல இனிமையான சங்கீதத்தை நான் கேட்டதில்லை.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. விமானிகளைப் பற்றிப் படித்தது நினைவுக்கு வந்தது.

நாலைந்து பேர் போகிற சொந்த விமானங்களில் சிலவற்றுக்கு மடக்கும் சக்கரம். இறங்குமுன் நீட்ட வேண்டும். மறந்தால் எச்சரிக்கை ஒலி அலறும். அப்படியும் வயிறு தரையில் உரச இறங்கியவர்கள் உண்டு. எல்லோரும் கற்றுக்குட்டிகள் அல்ல, பழுத்த அனுபவசாலிகளும்தான்! பக்கத்திலிருப்பவர் ஏதோ கேட்பார், ரேடியோவில் கூப்பிடுவார்கள். வரிசையாகச் செய்துவந்த வேலை நடுவில் அறுந்துபோகும். விட்ட இடம் மறந்துவிடும்.

சில சமயம் பறக்கையில் கதவு லேசாகத் திறந்துகொள்ளும். இரைச்சல் காதைப் பிளக்கும். ஆனாலும் பெரும்பாலும் விமானம் ஒழுங்காகவே பறக்கும். கதவைச் சாத்துகிற மும்முரத்தில் ஓட்டுவதை மறந்து, விழுந்து மாண்டவர்கள் இருக்கிறார்கள்.

பெரிய விமானமும் தப்பவில்லை. 1974-ல் அமெரிக்காவில் சார்லட் நகரில் இறங்கும் நேரத்தில், விமானிகள் அரசியல், பழைய கார் என்று அரட்டை அடித்தார்கள். உயரத்தைக் கவனிக்கவில்லை. 82 பேரில் 70-க்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். 1981-ல் அங்கே சட்டமே வந்தது: பயணிகள் விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பத்தாயிரம் அடிக்குக் கீழே விமானிகள் வேண்டாத பேச்சுப் பேசக்கூடாது.

"எது நடந்தாலும் முதலில் விமானத்தை ஓட்டு" என்பதே விமானிக்குப் பாலபாடம். நமக்கும் அதுதானே, சகோதரிகளே?

சோப்பு, துண்டு, மாற்றுத்துணி எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் வைத்த பிறகே குழந்தையைத் தண்ணீரில் விடுங்கள். போன் அடித்தால் அடிக்கட்டும். போயே தீர வேண்டுமென்றால் குழந்தையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போங்கள். சில அங்குலத் தண்ணீரே போதும், சத்தமில்லாமல் உயிர் போய்விடும். குழந்தைக்கு மருந்து அளக்கையில் யாராவது கூப்பிட்டால், ஊற்றியதைக் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து அளந்துவிடுங்கள்.

அன்று கூப்பிட்டது யார் தெரியுமா? கடன் வேண்டுமா என்று கேட்க யாரோ! அதற்காகவா நான் எழுந்தேன்?