சோலைக்குள் ஓர் ஊதாப் பூ

பூங்காவின் பான்ஸி மலர்களைக் கண்டு வியக்கும் நாம், அதே குடும்பத்தில் பிறந்து நீலகிரிச் சோலைகளில் மலரும் காட்டு வயலட்டை அறிவதில்லை. வயோலா பைலோசா என்பது அதன் தாவரவியல் பெயர். இதய வடிவ இலை, ஐந்து இதழ்கள், கீழிதழின் பின்னே தேன் தாங்கும் சிறு குழல் ஆகியவை அதன் அடையாளங்கள். தொட்டிகளில் விற்கும் ஆப்பிரிக்க வயலட்டோ வேறு குடும்பம்.

சோலையில் புகுந்து வேரோடு பிடுங்குவது வளர்ப்பு அன்று, களவு! தோட்டத்தில் வளர்ப்போரிடம் வேர்விட்ட ஓடுதண்டு ஒன்றைக் கேட்டுப் பெறுவோம். நிழலும் ஈரமும் இலைமட்கும் தந்தால் அது தானே படரும். முற்றிய காய் மூன்றாகப் பிளந்து விதை தரும். களையென்று அதைப் பறித்தெறியாதிருப்போம்.

நம் மண்ணின் மலரைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரியாத கல்வி முழுமையாகுமோ, தோழியரே?