டாக்டர் தூரத்தில் இருக்கலாம். பரிசோதனை தூரத்தில் இருக்கலாமா?

மதுரை காளவாசலில் காலை நேரத்தில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களைப் பாருங்கள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்தும் செக்கானூரணிப் பக்கத்திலிருந்தும் தேனி ரோடு வழியாக வருகிறவர்கள் அவர்கள். சிலர் கையில் ஒரு துணிப்பை இருக்கும். பைக்குள் ஆஸ்பத்திரிச் சீட்டு, காலியான மாத்திரை அட்டை, மதியச் சாப்பாடு. இவர்கள் "சர்க்கரை பார்க்க" வந்தவர்கள்!

சர்க்கரை பார்ப்பது ஐந்து நிமிஷ வேலை. அதற்கு ஒரு நாள் போகிறது. பஸ் செலவு ஆகிறது. ஒரு நாள் கூலியும் போகிறது. துணைக்கு மகன் வந்தால் அவன் கூலியும் போச்சு!

இதனால் என்ன நடக்கிறது? அடுத்த மாதம் வரவேண்டியவர் வருவதில்லை. "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது!" என்று மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்.

வலிக்காத வியாதி

இங்கேதான் ஆபத்து. சர்க்கரை வியாதி ஆரம்பத்தில் வலிக்காது. சத்தம் போடாமல் கண்ணைத் தின்னும், சிறுநீரகத்தைத் தின்னும், கால் நரம்பை மரத்துப்போகச் செய்யும். பார்வை மங்கிய பிறகு, கால் புண் ஆறாத பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடினால், பாதி காரியம் கெட்டுப்போயிருக்கும்.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை வியாதி இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வு 2023-ல் சொன்னது. இத்தனை பேரையும் மாதாமாதம் பட்டணத்துக்கு வரச்சொல்வது நடக்கிற காரியமா?

செல்போனில் டாக்டர்

இதற்கு ஒரு வழி பிறந்திருக்கிறது. டாக்டர் ஓர் ஊரில், நோயாளி ஓர் ஊரில் இருந்தபடியே வைத்தியம் செய்யலாம். இதற்கான விதிமுறைகளை மத்திய அரசு 2020 மார்ச்சில் வெளியிட்டது. "இ-சஞ்சீவனி" என்ற அரசாங்கத் திட்டத்தில், செல்போன் திரையில் டாக்டரைப் பார்த்துப் பேசலாம். மருந்துச் சீட்டும் செல்போனுக்கே வந்துவிடும். காசு கிடையாது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் இது மட்டும் போதுமா?

போதாது. டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே, "சர்க்கரை எவ்வளவு?" என்பதுதான். அதற்குப் பதில் இல்லாவிட்டால் டாக்டர் என்ன செய்வார்? கால் புண்ணைப் படம் பிடித்து அனுப்பலாம். பாதம் மரத்துப்போனதைப் படம் காட்டுமா? தொட்டுப் பார்க்க ஒரு கை வேண்டும். விழித்திரையைப் பார்க்க அதற்கென்று ஒரு கேமரா வேண்டும்.

ஆகவே, டாக்டர் தூரத்தில் இருக்கலாம். பரிசோதனை தூரத்தில் இருக்கக்கூடாது!

சூணாம்பேடு காட்டிய வழி

இது வெறும் பேச்சு அல்ல, செய்து காட்டியிருக்கிறார்கள். இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் சூணாம்பேட்டிலும் சுற்றுப்பக்கத்திலுமாக 42 கிராமங்களுக்கு ஒரு வேன் போயிற்று. சென்னை டாக்டர் வி. மோகன் குழுவினர் 2006 வாக்கில் தொடங்கிய திட்டம் அது. வேனிலேயே ரத்தப் பரிசோதனை. வேனிலேயே விழித்திரைப் படம். இஸ்ரோ உதவியால், அந்தப் படங்கள் செயற்கைக்கோள் வழியாகச் சென்னைக்குப் போயின. டாக்டர்கள் அங்கிருந்தே பார்த்துச் சொன்னார்கள். உள்ளூரிலும் ஒரு சிறு சிகிச்சை நிலையம் அமைத்தார்கள்.

பலன் என்ன? மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை ஒன்று உண்டு. அந்த அளவு ஒரே வருஷத்தில் 9.3-லிருந்து 8.5-ஆக இறங்கியது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டியிருந்தது 100-க்கு 5 பேருக்கும் குறைவு!

மதுரைக்கு இது புதிதல்ல

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கியது அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. சிற்றூர்களில் அது சிறு கண் மையங்களை வைத்திருக்கிறது. அங்கே பயிற்சி பெற்ற பெண்கள் கண்ணைப் பரிசோதிக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டர் திரையில் பேசி, மேலே என்ன செய்வது என்று சொல்கிறார். கண்ணுக்கு முடிந்தது சர்க்கரைக்கு முடியாதா?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. மாத்திரை வரும் வீட்டுக்கு, சர்க்கரை பார்க்கும் கருவியும் தவறாமல் வரவேண்டும். அங்கேயே டாக்டரைத் திரையில் கூப்பிட்டுப் பேசவைக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறையாவது விழித்திரைக் கேமரா கிராமத்துக்கு வரவேண்டும். இதைக் கேட்பது சலுகை கேட்பது அல்ல, தேவையைக் கேட்பது!

வீட்டில் செய்யவேண்டியது

குடும்பத்தாருக்கும் பொறுப்பு உண்டு. ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, சர்க்கரை அளவு, சாப்பிட்ட மாத்திரை—இந்த நான்கையும் எழுதுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகூட எழுதலாம். டாக்டர் பேசும்போது அந்த நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்.

தினமும் இரவில் பாதத்தைப் பாருங்கள். கொப்புளமோ வெடிப்போ தெரிந்தால் நாள் கடத்தாதீர்கள்.

மருந்துச் சீட்டில் டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று கவனியுங்கள். செல்போனில் விளம்பரம் செய்து லேகியம் விற்பவர் டாக்டர் அல்ல!

சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும். உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; செல்போனில் டாக்டருக்குக் காத்திருக்கவும் வேண்டாம். 108-க்குச் சொல்லுங்கள்.

செல்போன் பஸ் செலவை மிச்சப்படுத்தும், கூலியை மிச்சப்படுத்தும். ஆனால் கண்ணையும் காலையும் காப்பாற்றுவது விடாத பரிசோதனைதான். அது வீட்டு வாசலுக்கு வரட்டும்!