வானத்துப் பூட்டு தோட்டத்துக்கும் வந்துவிட்டது

சேர்வராயன் மலையில் காபிப் பழம் சிவந்துகொண்டிருந்த நேரத்தில், 2025 நவம்பர் 21 அன்று, நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. என் ஆய்வுக்காக ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் நான் பேசிய பெண்களில் ஒருவருக்குக்கூட அந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கவில்லை. பறிப்புக் காலத்தில் யாருக்கு நேரம்? ஆனால் அவர்களுடைய அடுத்த கூலிப் பேச்சுவார்த்தை அந்தச் சட்டத்தின்படிதான் நடக்கப்போகிறது.

கூலிப் பேச்சு என்றாலே நிர்வாகம் முதலில் எடுத்து வைப்பது சந்தை விலையைத்தான். காபிக்கு அதற்கு வசதியான வரலாறும் உண்டு. 1989 ஜூலையில் சர்வதேச காபி ஒப்பந்தத்தின் ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறை குலைந்தது. 2001இல் நியூயார்க் சந்தையில் அராபிகா விலை பவுண்டுக்கு 50 சென்ட்டுக்கும் கீழே போனது. அந்தச் சரிவை எஸ்டேட்காரர்கள் இன்றும் சொல்வார்கள். 2025 பிப்ரவரியில் அதே சந்தையில் விலை 4 டாலரைத் தாண்டியதை அவர்களாகவே சொல்லி நான் கேட்டதில்லை.

தொழில் சரியும்போது தொழிலாளிக்குப் பேரம் பேசும் பலம் எங்கிருந்து வருகிறது? 2008 அக்டோபரை எடுத்துக்கொள்வோம். உலக நிதி நெருக்கடியைக் காட்டி ஜெட் ஏர்வேஸ் 1,900 பேரை நீக்க முடிவு செய்தது. முதற்கட்டமாக சுமார் 800 பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் இளம் விமானப் பணியாளர்கள். சீருடையோடு மும்பை விமான நிலையத்தில் திரண்டார்கள், தொலைக்காட்சி கேமராக்கள் வந்தன, ஓரிரு நாளில் நரேஷ் கோயல் உத்தரவைத் திரும்பப் பெற்றார். ஒப்பந்தமும் இல்லை, பேச்சுவார்த்தை மேசையும் இல்லை. நாடு பார்த்தது, அவ்வளவுதான். 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானப் பணியாளர்கள் கூட்டாக நோய் விடுப்பு எடுத்தபோதும் அதுதான் நடந்தது. நீக்கப்பட்ட 25 பேரையும் திரும்ப எடுத்துக்கொள்ள, தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன் நடந்த பேச்சில் நிறுவனம் ஒப்புக்கொண்டது.

தோட்டத்தில் கேமரா கிடையாது. அதனால்தான் மூணாறு நமக்கு முக்கியம். 2015 செப்டம்பரில் தேயிலை விலைச் சரிவைச் சொல்லி, கண்ணன் தேவன் நிறுவனம் 19 சதவீதமாக இருந்த போனஸை 10 ஆக்கியது. நாள் கூலி அப்போது 232 ரூபாய். பெரும்பாலும் தமிழ் தலித் பெண்கள், எந்தச் சங்கத்தையும் கேட்காமல் மூணாறு சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். ஆண் சங்கத் தலைவர்களை அருகிலேயே விடவில்லை. ஒன்பதாவது நாள் 20 சதவீதத்துக்கு வழி பிறந்தது: 8.33 போனஸ், மீதி கருணைத் தொகை. அவர்கள் கேட்ட 500 ரூபாய்க் கூலி கிடைக்கவில்லை. அக்டோபரில் 301 ஆனது. பெண்கள் ஒற்றுமை என்ற பெயர் அந்தச் சாலையில் பிறந்தது.

இனி அந்தச் சாலை குற்றம். பயணிகள் விமானச் சேவை பழைய தொழில் தகராறு சட்டத்தில் பொதுப் பயன்பாட்டுச் சேவை. அங்கே முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. தோட்டத்துக்குப் பொதுவாக அந்தப் பூட்டு இல்லை. 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அதை எல்லாத் தொழிலுக்கும் போட்டுவிட்டது. அறிவிப்பு கொடுத்து 14 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் சமரசப் பேச்சு தொடங்கிவிட்டால், பேச்சு முடிந்து 7 நாள் வரை நிறுத்த முடியாது. பாதிப் பேர் சொல்லிவைத்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தம்தான். பல சங்கங்கள் இருக்கும் இடத்தில் 51 சதவீத உறுப்பினர் உள்ள சங்கமே பேசும். அப்படி ஒன்று இல்லையென்றால், குறைந்தது 20 சதவீதம் உள்ள சங்கங்களின் குழு பேசும். நேற்று சாலையில் பிறந்த அமைப்புக்கு நாற்காலி இல்லை. தோட்டத்தில் ஆட்குறைப்புக்கு அரசிடம் அனுமதி கேட்க வேண்டிய வரம்பும் 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆகிவிட்டது. அடுத்த விலைச் சரிவில் இது எப்படிப் பயன்படும் என்று சொல்ல ஆய்வு தேவையில்லை.

ஏற்காட்டுக்கு வருவோம். இங்கே மூணாறு போல ஒரே பெரிய நிறுவனம் இல்லை. வெள்ளைக்கார கலெக்டர் காக்பர்ன் காலத்தில் வந்த காபி, இன்று பெரிதும் சிறிதுமாகச் சிதறிய எஸ்டேட்டுகளில், சில்வர் ஓக் நிழலில், மிளகோடு சேர்ந்து விளைகிறது. பறிப்பவர்கள் சமவெளியிலிருந்து ஏறிய தலித் குடும்பத்துப் பெண்களும் மலையாளிப் பழங்குடிப் பெண்களும் (கேரளத்தவர் அல்ல, இந்த மலைகளின் பூர்வகுடி). ஓர் எஸ்டேட்டில் சில பேர், அதிலும் நிரந்தரம் பாதி, பருவத்துக்கு வருபவர் பாதி. பருவத்துக்கு வருபவர் எந்த 51இல் சேர்வார்? கூலி எப்படி முடிவானது என்று கேட்டால், “பேசி முடிச்சிட்டாங்க” என்பார்கள். யார் பேசியது என்று கேட்டால் சிரிப்பார்கள்.

வலுவான ஒற்றைச் சங்கம் நல்லதுதானே என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். சங்கத்துக்குள் சாதி இல்லை என்றால் நல்லதுதான். பம்பாய் ஆலைகளில் நெசவுப் பிரிவுக்குள் தீண்டப்படாதவர்களை விடவில்லை. அறுந்த நூலை வாயில் வைக்க வேண்டியிருக்கும் என்பதே காரணம். 1928 பெரும் வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் அதைச் சங்கத் தலைவர்களிடம் நேருக்கு நேர் எழுப்பினார். பத்தாண்டு கழித்து, சமரசத்தைக் கட்டாயமாக்கி வேலைநிறுத்தத்தைத் தண்டிக்கும் பம்பாய் தொழில் தகராறு மசோதா வந்தபோது, அவரது சுதந்திரத் தொழிலாளர் கட்சி கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து 1938 நவம்பர் 7 அன்று ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தியது. சங்கத்தையும் கேள்வி கேட்டார், வேலைநிறுத்த உரிமைக்காகவும் நின்றார். நம்மில் பலர் இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலில் உள்ளது. குறைந்தபட்சக் கூலி நிர்ணயமும் விதிகளும் மாநிலத்தின் கையில். கேரளத்தில் தோட்டத் தொழிலாளர் குழு என்ற முத்தரப்பு அமைப்பு இருக்கிறது. 301 ரூபாய் அங்கேதான் முடிவானது. சேர்வராயன் மலைக்கும் அப்படியொரு முத்தரப்புக் குழுவைத் தமிழ்நாடு அரசு அமைக்க வேண்டும். அதில் தொழிலாளர் தரப்பில் பாதி இடங்கள், பருவத் தொழிலாளர்களும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் தலித், பழங்குடிப் பெண்களுக்கு வேண்டும். காபி விலை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கூலியும் கூடும் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். இந்தக் கோரிக்கையை அடுத்த பறிப்புக்கு முன்பே, விலை உயரத்தில் இருக்கும்போதே வைத்தாக வேண்டும்.