இனி கேள்வி கேட்பது எங்கள் முறை

மணிமங்கலத்தில் எங்கள் காலனிக்குள் நோட்டும் கேமராவுமாக யாராவது வந்தால், "எந்தக் காலேஜ்பா?" என்றுதான் அம்மா முதலில் கேட்பார். ஆண்டுக்கு ஒரு குழுவாவது வந்துவிடும். கழிப்பறை இருக்கிறதா, ரேஷன் கார்டு இருக்கிறதா, வீட்டில் எத்தனை பேர் கம்பெனிக்குப் போகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். நாங்கள் சொன்னது எங்கே போனது, என்னவாக எழுதப்பட்டது என்று ஒருவரும் திரும்பி வந்து சொன்னதில்லை.

அப்படிக் கேட்கப்பட்டே வளர்ந்த நான், இளங்கலை இரண்டாமாண்டு முடிந்த கோடையில் சென்னையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் இரண்டு மாத ஊடகத் தொடர்பு ஃபெல்லோஷிப்பில் சேர்ந்தேன். செய்திக்குறிப்பு எழுதுவது, வீடியோவுக்கு சப்டைட்டில் போடுவது, சமூக வலைத்தளப் பதிவுகள் தயாரிப்பது ஆகியவை வேலை. "அதில் என்ன கிடைத்தது?" என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். சான்றிதழ் கிடைத்தது. கொஞ்சம் ஆங்கிலம் வந்தது. பயோடேட்டாவில் ஒரு வரி கூடியது. ஆனால் நான் சொல்ல விரும்புவது வேறு.

முதல் வாரமே ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்கு ஒப்பந்தத் தொழிலாளியாகப் போகிறவர். அவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்த ஒருங்கிணைப்பாளர் மூன்று கேள்விகள் கேட்டார். "அவங்க சம்பளம் எவ்வளவு? அதைக் கொடுக்கிறது கம்பெனியா, கான்ட்ராக்டரா? நீ எழுதினதை அவங்களுக்குப் படிச்சுக் காட்டினியா?" மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. இத்தனைக்கும் 19 வருடமாகப் பக்கத்து வீடு.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். "கண் கலங்கியபடி சொன்னார்" என்ற இடத்தில் அக்கா நிறுத்தினார். "நான் எப்போடா அழுதேன்?"

அவர் அழவில்லை. சிரித்துக்கொண்டுதான் பேசியிருந்தார். எங்களைப் பற்றி நான் படித்த எழுத்திலெல்லாம் நாங்கள் அழுதுகொண்டே இருந்தோம். பேனா என் கைக்கு வந்ததும் நானும் அழவைத்துவிட்டேன். பிறகு அக்கா சம்பளச் சீட்டை எடுத்துவந்து காட்டினார். அவர் தினமும் நுழைகிற வாசலில் இருக்கும் பெயர் அதில் இல்லை, கான்ட்ராக்டர் பெயர்தான் இருந்தது. "இதை எழுது. ஆனா என் பேரைப் போடாதே, வேலை போயிடும்" என்றார்.

கண்ணீரை எடுத்துவிட்டு சம்பளச் சீட்டைப் பற்றி எழுதினேன். பரிதாபத்தை விட்டு, பொறுப்பு யாருடையது என்று தேடவும், யார் பெயரை வெளியிடலாம், யார் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்று யோசிக்கவும் அந்த இரண்டு மாதத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

நம் முன்னோடிகள் இந்த வேலையை யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் தொடங்கினார்கள். 1893இல் இரட்டைமலை சீனிவாசன், இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைப்பாக்கி 'பறையன்' இதழை நடத்தினார். 1907இல் இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' வெளியிட்டார். 1920 ஜனவரி 31 அன்று 'மூக்நாயக்' வெளிவந்தபோது அம்பேத்கருக்கு வயது 28. அந்த இதழுக்கான விளம்பரத்தைக் காசு வாங்கிக்கொண்டுகூட வெளியிட மறுத்தது திலகரின் 'கேசரி'.

ஒரு நூற்றாண்டு கழித்து என்ன மாறியிருக்கிறது? ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஊடகங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106இல் உயர்சாதி எனப்படுவோர் இருந்தார்கள். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை.

செய்தி அறையில் நம் ஆட்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் பகுதி பார்த்திருக்கிறது. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் அருகே ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலைசெய்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளின் நிலை தெரியாத நேரத்தில் சிலர் இறந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதன் பிறகுதான் அந்த விடுதிகளின் நிலை நாடறிந்த செய்தியானது. அந்த விடுதிகளோடு பேச்சுவார்த்தை உள்ள ஒரு நிருபர் இருந்திருந்தால், சாப்பாட்டைப் பற்றி எழுதச் சாலை மறியல் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே மாணவர்களே, இதுபோன்ற வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். வாய்ப்பு தரும் அமைப்புகளுக்கும் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

எனக்கு அந்த இரண்டு மாதமும் உதவித்தொகை கொடுத்தார்கள். இல்லையென்றால் நான் போயிருக்கவே முடியாது. எங்கள் பக்கத்து மாணவர்கள் பலருக்குக் கோடை என்பது அடுத்த ஆண்டுக் கட்டணத்துக்காகக் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் காலம். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் என்பது, சென்னையில் வீடும் செலவுக்குப் பணம் தரும் பெற்றோரும் உள்ளவர்களுக்கான இட ஒதுக்கீடு. அதைப் பார்த்து யாரும் தகுதி போச்சு, திறமை போச்சு என்று கூச்சலிடுவதில்லை.

விண்ணப்பத்தில் "நீங்கள் சந்தித்த சாதிக் கொடுமையை 500 சொற்களில் எழுதுக" என்று கேட்காதீர்கள். காயத்தைக் காட்டினால்தான் கதவு திறக்கும் என்றால், அதற்கும் எங்கள் தெருவுக்கு வந்த கணக்கெடுப்புகளுக்கும் வித்தியாசமில்லை. தமிழில் எழுதுவதற்கும் ஆங்கிலத்துக்குக் கொடுக்கும் மதிப்பையே கொடுங்கள். எழுதிய மாணவரின் பெயரைப் போடுங்கள். சாதியைப் பற்றி மட்டும் எழுதச் சொல்லி ஒரு மூலையில் உட்காரவைக்காதீர்கள். பட்ஜெட்டும் கிரிக்கெட்டும் எங்களுக்கும் எழுத வரும்.

போன மாதம் எங்கள் தெருவுக்கு மறுபடியும் ஒரு குழு வந்தது. அம்மா எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் அவர்களிடம் கேட்டிருக்கிறார்: "எழுதினதை எப்போ வந்து படிச்சுக் காட்டுவீங்க?" அம்மா எந்த ஃபெல்லோஷிப்புக்கும் போனதில்லை. அன்றைக்குப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் படித்துக் காட்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.