குடிக்கூலி

உமணர் உப்பைக் கொடுத்து நெல்லைப் பெற்றதைச் சங்க இலக்கியம் பேசுகின்றது. நாளங்காடியையும் அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி விரித்துரைக்கின்றது. அங்காடியில் குவிந்த பண்டங்களை வகுப்பறையில் நயம்பட எடுத்துரைக்கும் நாம், அவற்றை விற்றவன் இரவில் எங்கே தங்கினான், அவ்விடத்திற்கு என்ன கொடுத்தான் என்று கேட்பதில்லை. இன்றைய சென்னையின் விலைவாசியைப் பற்றி உரையாடும்போதும் இதே மறதி நம்மிடம் உள்ளது. விலையேற்றம் என்றதும் கோயம்பேட்டுத் தக்காளியே நம் நினைவுக்கு வருகின்றது.

2023ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தக்காளி கிலோ நூறு ரூபாயைக் கடந்தபோது ஊரெங்கும் அதே பேச்சாக இருந்தது. அரசு நியாயவிலைக் கடைகளில் அதனை 60 ரூபாய்க்கு விற்றது. பின்னர் வரத்து கூடியது, விலை இறங்கியது, பேச்சும் அடங்கியது. அவ்வாண்டு ஏறிய வீட்டு வாடகை எதுவும் அவ்வாறு இறங்கியதாக நாம் கேள்விப்படவில்லை.

வயிற்றைப் பொறுத்தவரை தமிழகம் தன் கடமையை மறக்கவில்லை என்பதை நன்றியுடன் சொல்ல வேண்டும். 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்னும் முழக்கம் எழுந்தது. அது ஒரு படியாகவேனும் சென்னையிலும் கோவையிலும் நடைமுறைக்கு வந்தது. 2008ஆம் ஆண்டில் கிலோ ஒரு ரூபாயாக இருந்த நியாயவிலைக் கடை அரிசி, 2011 ஜூன் முதல் விலையின்றியே வழங்கப்படலாயிற்று. 2013 பிப்ரவரியில் சென்னையில் அம்மா உணவகம் திறக்கப்பட்டபோது இட்டிலி ஒரு ரூபாய். இவற்றை இலவசம் என்று எள்ளி நகையாடுவோர் உளர். அவர்கள் மாதக் கடைசியில் நியாயவிலைக் கடை வரிசையில் நின்றவர்கள் அல்லர்.

ஆயின், தலைக்கு மேல் கூரை என்பதற்கு இத்தகைய கை எதுவும் நீளவில்லை. வாடகையைக் குடிக்கூலி என்பது நம் பழைய வழக்கு. மாநகரில் குடியிருப்பதற்கே கொடுக்கும் கூலி என்று அதற்கு இன்று பொருள் கொள்ளலாம்.

நடுவணரசின் குடும்பச் செலவினக் கணக்கெடுப்பு ஓர் உண்மையைக் காட்டுகின்றது. 1999-2000இல் இந்திய நகரங்களில் மக்களின் செலவில் 48.06 விழுக்காடு உணவுக்குச் சென்றது. 2022-23இல் அது 39.17 விழுக்காடாகக் குறைந்தது. இதனை வளர்ச்சியின் அடையாளம் என்று பொருளியல் துறை நண்பர்கள் கூறுவர். நாம் மறுக்கவில்லை. எனினும் உணவு விட்டுச்சென்ற இடத்தில் வந்து அமர்ந்தவை எவை என்றும் நோக்க வேண்டும். வாடகை, பேருந்துக் கட்டணம், மருந்து, அலைபேசி முதலியன அங்கே அமர்ந்துள்ளன. அரிசியை ஒரு வேளை குறைத்து உண்ணலாம். வாடகையைப் பத்து நாள் குறைத்துக் குடியிருக்க இயலாது.

விலையேற்றத்தை அளக்கும் குறியீட்டெண்ணும் இத்துன்பத்தை முழுதும் காட்டவில்லை. 2012ஐ அடிப்படையாகக் கொண்டு பல்லாண்டுகள் வெளிவந்த நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணில் நகர்ப்புற வீட்டுவசதிக்கு அளிக்கப்பட்ட எடை 21.67. ஒவ்வொரு வீட்டின் வாடகையும் ஆறு மாதத்திற்கு ஒரு முறையே விசாரிக்கப்பட்டது. அரசுக் குடியிருப்புகளில் வாழும் அலுவலர்களின் வாடகையும் அச்சராசரிக்குள் கலந்து நின்றது. மாதம் 20,000 ரூபாய் பெற்று 9,000 ரூபாய் வாடகை கொடுப்பவருக்கோ வீட்டின் எடை 45 அன்றோ! இத்தகையோரை வெளியே தேட வேண்டுவதில்லை. சுயநிதிப் பிரிவுகளின் ஆசிரியர் அறைகளிலேயே அவர்களைக் காணலாம்.

வாடகையோடு முடிந்துவிடுவதும் இல்லை. இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்படும் சலுகை 2016இல் வந்தது. ஒரே இணைப்பில் பல குடித்தனங்கள் வாழும் வீடுகளில் உரிமையாளர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாமே விலை வைத்து வாங்குகின்றார். சலுகை மாடிப்படி ஏறி வருவதில்லை. 2022இல் சென்னையில் சொத்துவரி உயர்ந்தபோது அச்சுமை மட்டும் தவறாமல் படியேறி வந்தது.

இவையனைத்தினும் கொடியது முன்பணம். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னையில் வேரூன்றிய வழக்கம். 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழகத்தின் வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மிகாமல் முன்பணம் பெற வேண்டும் என்கின்றது. ஆனால் இருவரும் வேறு வகையாக உடன்பட்டாலன்றி என்னும் விலக்கும் அதிலேயே உள்ளது. வீடு தேடி அலைபவன் எதற்குத்தான் உடன்படமாட்டான்? நம் பிள்ளைகளுக்கு மற்றோர் இடரும் உண்டு. தொலைபேசியில் காலியாக இருந்த வீடு, பெயரைச் சொன்னதும் நிரம்பிவிடுகின்றது. தட்டக்கூடிய கதவுகள் குறையக் குறைய, திறக்கும் கதவின் விலை கூடுகின்றது. திருவல்லிக்கேணியிலும் மண்ணடியிலும் ஒரே அறையில் நால்வரும் ஐவரும் நெருங்கிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் துறை மாணவர் ஒருவர் முதல் மணி வகுப்பில் நாள்தோறும் உறங்கினார். நாமும் அவரை எழுப்பிக் கடிந்துகொண்டோம். யாப்பருங்கலக்காரிகை தாலாட்டாகிவிட்டதோ என்று கேலியும் செய்தோம். பின்னர்தான் உண்மை தெரிந்தது. நள்ளிரவு கடந்தும் இருசக்கர வண்டியில் உணவுப் பொட்டலங்களை வீடு வீடாகச் சேர்ப்பவர் அவர். கல்விக் கட்டணத்திற்கு உதவித்தொகை கிடைத்திருந்தது. குடும்ப அட்டையும் அதன் அரிசியும் ஊரில் தாயாரிடம் இருந்தன. அறையின் முன்பணத்திற்காக வாங்கிய கடனையும் வட்டியையும் அடைக்கவே அந்த இரவுகள் கழிந்தன. அந்தக் கேலிக்காக நாம் இன்றும் வெட்குகின்றோம்.

சமுதாயப் பெரியோர்கள் இம்மலரைப் படிப்பார்கள் என்பதால் ஒன்றைத் துணிந்து கூறுகின்றோம். கல்வி உதவி என்றால் கட்டணம் என்றே நாம் பொருள்கொண்டு வந்துள்ளோம். பட்டமளிப்பு நாளில் படம் எடுத்துக்கொள்ளவும் அதுவே வசதியாக உள்ளது. வெளியூர் மாணவரைப் படிப்பிலிருந்து விலக்குவது பெரும்பாலும் கட்டணம் அன்று, தங்குமிடம். நம் ஊர்களில் பைத்துல்மால்கள் வட்டியில்லா அழகிய கடனைத் தொழிலுக்கும் மருத்துவத்திற்கும் வழங்கி வருகின்றன. அறை முன்பணத்திற்கும் அதனை விரிக்கலாம். கடன்களுள் திரும்பி வரும் வாய்ப்பு மிகுந்த கடன் இதுவே. பணம் மாணவரின் கையில் செலவழிவதில்லை; வீட்டு உரிமையாளரிடம் கிடந்து, அறையைக் காலி செய்யும் நாளில் மீள்கின்றது. வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். அவ்விழப்பை நன்கொடையாக எழுதிக்கொள்ளலாம். உடன்படிக்கையில் ஒரு நிறுவனத்தின் பெயரும் இருந்தால், மூன்று மாதமே முன்பணம் என்று சட்டத்தைச் சுட்டிப் பேசவும் நா எழும். தனியே நிற்கும் இருபது வயதுப் பிள்ளைக்கு அந்த நா எழுவதில்லை.

வணிக வளாகங்களை உடைய அறக்கட்டளைகள் மேல்தளம் ஒன்றை மாணவர் தங்க ஒதுக்கலாமே என்பதும் நம் விருப்பம். அதற்குக் காலம் ஆகும். முன்பணக் கடனை வரும் கல்வியாண்டின் சேர்க்கையின்போதே தொடங்கிவிடலாம்.

அம்மாணவர் இப்போது இறுதியாண்டில் பயில்கின்றார். சென்ற மாதம் அறை மாறியுள்ளார். புதிய அறையில் ஐவர், மின்கட்டணம் தனி.